லைடனில் முளைத்த பூண்டு

நேற்று மதியம் நந்தினி தீபாவளி விடுப்பில் வந்து இறங்கினாள். கூடத்தில் பெட்டியை வைத்துத் திறந்ததும் பூண்டு வாசம் வந்தது. மலைப்பூண்டு விளையும் கவுஞ்சியில் ஒரு வீட்டுக்குள் பூண்டு வாசம் அடிப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். இந்த வருடம் நம் வீட்டில் அது செய்திதான். மாசியில் நீங்கள் போன பிறகு நம் காட்டில் ஒரு பல்கூட ஊன்றவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் ஒரு கட்டும் தொங்கவில்லை. ரசத்துக்குக்கூடக் கடையில்தான் வாங்குகிறேன். உரித்தால் கையில் வாசமே நிற்காத பூண்டு. நீங்கள் இருந்திருந்தால் அதை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

"எங்க வாங்குனத்தா? மதுரையிலயா?" என்று கேட்டேன்.

நந்தினி ஒரு துணிப்பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "வாங்கலம்மா. இது அப்பா போட்டது. ஹென்னி வீட்டுல போட்டாருல்ல, அது."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, "கைகால் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றேன். இப்போதெல்லாம் நான் அப்படித்தான். யாராவது அழுதால் சோறு போடுகிறேன்.

கிளை அஞ்சலகத்தில் இருபது வருடம் முத்திரை குத்தியவள் நான். முகவரி இல்லாத மடல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? ஊரைச் சுற்றிவிட்டு அனுப்பியவர் கைக்கே வந்து சேரும். இதுவும் அப்படித்தான் வரும், வரட்டும். உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் காத்துக்கொண்டிருந்த சேதி. சித்திரையில் வந்திருக்க வேண்டியது ஐப்பசியில் வந்திருக்கிறது. தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை.

போன வருடம் ஆவணியில்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. நந்தினி ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் லைடன் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹென்னி என்ற அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். ஹென்னிக்கு எண்பது தாண்டிவிட்டது, கணவர் இல்லை, தனி ஆள். கிறிஸ்மஸுக்குத் தங்கை வீட்டுக்குப் போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். அந்த நேரத்தில் நந்தினிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டிக்கு மேல் டியூட்டி. "உன் அம்மா அப்பாவை வரச் சொல், வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொள்ளட்டும், அவர்களுக்கும் ஊர் பார்த்த மாதிரி இருக்கும்" என்று ஹென்னிதான் சொல்லியிருக்கிறார்.

நந்தினி போனில் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். "காட்டுமாட்டுக்குக் காவல் காத்தே பாதி ஆயுசு போச்சு. இப்பக் கடல் தாண்டிப் போய்ப் பூனைக்குக் காவலா?" என்றீர்கள். அடுத்த நாளே வெள்ளனே எழுந்து பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கொடைக்கானல் பஸ் ஏறியவரும் நீங்கள்தான்.

விமானத்திலிருந்து இறங்கும்போது குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டீர்கள். "கொடைக்கானக்காரனுக்கே குளுரக் காட்டுறாய்ங்களா?" என்றீர்கள். பத்து நிமிடம் கழித்துக் குல்லா மறுபடி தலைக்கு வந்தது. நம் ஊர்க் குளிர் வெயில் ஏறினால் எழுந்து போய்விடும். அவர்கள் ஊர்க் குளிர் வந்தால் உட்கார்ந்துவிடுகிறது. காலை எட்டரை மணிக்கு விடிந்து, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஒரு பகலை நாம் அதுவரை பார்த்ததில்லை.

ரயிலில் நீங்கள் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. ஒரு மேடுகூட இல்லாத தேசம். "கண்ணு எங்கிட்டுப் போய் நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். லைடன் முழுக்கத் தெருவுக்குத் தெரு வாய்க்கால். வீட்டு வாசலில் படகு கட்டிக் கிடக்கிறது. உங்களுக்கு அதைப் பார்த்து மனதே ஆறவில்லை. "இம்புட்டு வாய்க்கா ஓடுது, ஒரு மடை கூடக் காணோமே. யாருக்குத்தான் பாயுது இது?" என்று நந்தினியைக் கேட்டீர்கள்.

ஹென்னியின் வீடு செங்கல் வீடு. ஒல்லியாக, உயரமாக, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்னால் நம் களத்தில் பாதி அளவுக்கு ஒரு தோட்டம். பூனையை அந்த ஊரில் 'பூஸ்' என்கிறார்கள். உங்கள் காதில் அது, நம் பழைய ஆட்கள் பூனையைச் சொல்லும் 'பூசை' என்று விழுந்தது. "பாத்தியா, நம்ம சொல்லத்தான் சொல்றாங்க. நம்மாளு" என்று அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அந்தப் பூனையும் மூன்று வாரம் உங்கள் மடியை விட்டு இறங்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன் ஹென்னி குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் பாஷையில் மூன்று வரி, அதற்குக் கீழே நந்தினியின் கையெழுத்தில் தமிழ். பூனைக்கு இரண்டு வேளை சாப்பாடு. ஹீட்டரை நிறுத்த வேண்டாம். மூன்றாவது வரி: 'தோட்டத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம், அது தூங்குகிறது.'

மூன்றாவது வரியை வாசித்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "தோட்டம் எங்கயாச்சும் தூங்குமா? ஆளுதான் தூங்குவான்" என்றீர்கள். நான் அப்போதே அந்தக் கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்திருக்க வேண்டும்.

முதல் சில நாள் ஊர் பார்த்தோம். நந்தினிக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாள் ஆம்ஸ்டர்டாம் போய், தண்ணீருக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த விளக்குகளைப் பார்த்தோம். இன்னொரு நாள் கடற்கரை. மார்கழிக் கடலில் ஆளே இல்லை, காற்று மட்டும்தான். நீங்கள் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டு, ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடி வந்தீர்கள். அங்கே ஒரு வண்டிக்கடையில் எண்ணெயில் பொரித்த உருண்டை வாங்கித் தின்றோம், மேலே சீனிப்பொடி கொட்டி. "நம்ம இனிப்புப் போண்டாதான். தேங்காயப் போட மறந்துட்டான்" என்று சொல்லி நாலு தின்றீர்கள். உங்கள் மீசையெல்லாம் சீனி. அந்தப் போட்டோ என் போனில் இருக்கிறது. பார்க்கிறேன். பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை, ஒரு ஆள் மீசையில் சீனி, அவ்வளவுதான் தெரிகிறது.

நந்தினி டியூட்டிக்குப் போன நாட்களில்தான் வினை. கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாத ஆள் நீங்கள். சும்மா சருகு அள்ளப் போகிறேன் என்று கொல்லைக்குப் போனீர்கள். அரை மணி கழித்து அந்த அம்மாவின் பூந்தொட்டி நிறைய மண்ணோடு எதையோ அள்ளிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தீர்கள்.

"இந்தாரு புள்ள. அந்தம்மா வெங்காயத்தத் தோண்டாமயே போயிருச்சு. வயசாச்சுல்ல, மறந்துருச்சு போல. இன்னும் நாலு நாளு கெடந்தா மண்ணுக்குள்ளயே அழுகிப் போகும்."

நான் ஒன்றை எடுத்து அறுத்துப் பார்த்தேன். பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை. பார்த்தால் வெங்காயம்தான். வாசம் இல்லை, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"இது வெங்காயம் இல்லைங்க. கண்ணே எரியலயே" என்றேன்.

"இம்புட்டுக் குளுருல வெங்காயமே மரத்துப் போய்க் கெடக்கு. கண்ணு எப்பிடி எரியும்?"

உங்களிடம் யார் பேசி ஜெயிப்பது? முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, 'நான் சொன்னது தப்பு' என்று உங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. பாதை தவறிப் பாச்சலூர்ப் பக்கம் போய் நின்றபோதும், 'இந்தப் பக்கமும் ஒரு தடவ பாக்கலாம்னுதான் வந்தேன்' என்ற மனிதர்.

ஆரஞ்சு வாங்கிய வலைப்பைகளில் அவற்றைப் போட்டு, அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டீர்கள். நம் வீட்டில் விதைப்பூண்டைப் புகையில் கட்டித் தொங்கவிடுவது அப்படித்தானே. புகையே வராத அடுப்பு என்று அதற்கும் ஒரு குறை சொன்னீர்கள். அதோடு நின்றிருக்கலாம். வெறும் பாத்தியைப் பார்த்தால் உங்களுக்குக் கை அரிக்கும். நந்தினிக்கு ரசம் வைக்க நான் கொண்டுபோயிருந்த மலைப்பூண்டை எடுத்து, பல் பல்லாகப் பிரித்து, அத்தனையையும் அந்தப் பாத்தியில் ஊன்றிவிட்டு வந்தீர்கள். "அந்தம்மா வந்து பாத்தா சந்தோசப்படும்" என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு திருப்தி.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால், காலை டியூட்டி முடித்து நந்தினி வந்தாள். அடுப்படிக்குள் நுழைந்தவள் மேலே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ அப்பா! இது டியூலிப்! பூவுப்பா, பூக்கெழங்கு!"

பிறகு அவளே விளக்கினாள். பனிக்காலம் முழுக்க அந்தக் கிழங்கு மண்ணுக்குள் குளிரில் கிடந்தால்தான் சித்திரையில் பூக்குமாம். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஹென்னி வலிக்கிற முழங்காலை மடித்து உட்கார்ந்து, தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பதிப்பாராம். அது அவர் கணவர் போட்டுவைத்த பாத்தியாம். வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டாராம். தோட்டம் தூங்குகிறது என்று எழுதியிருந்ததற்கு அதுதான் அர்த்தம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நம்பி வீட்டைக் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளையை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டால் அந்த ஊரில் அவள் எங்கே போவாள்? அந்தக் கோபத்தில் பேசினேன். அவள் எதிரிலேயே பேசினேன்.

"வந்த எடத்துல கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு? ஊரு சிரிக்கவா இங்க வந்தோம்? இனிமே இந்த வீட்டுல எதையும் தொடாதீங்க. தொடணும்னா என்னையக் கேட்டுட்டுத் தொடுங்க."

"வெங்காயம் மாதிரித்தான இருந்துச்சு" என்று பூனையிடம் சொன்னீர்கள். பிறகு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நந்தினி, ஹென்னி வந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். நீங்களும் தலையை நிமிர்த்தி, "நானே சொல்லிர்றேன்" என்றீர்கள். நான்தான் விடவில்லை. ஊருக்குப் போகும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வலைப்பைகளை நானே கழற்றிக் கொல்லைக் கொட்டகையில் போட்டேன்.

மறுநாள் காலை காபி போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சீனி டப்பாவுக்கு நேரே கையை நீட்டி, தொடாமல் நிறுத்தி, என்னைப் பார்த்தீர்கள்.

"தொடலாமா?"

நான் முறைத்தேன். அன்று முழுவதும் அதேதான். லைட் சுவிட்சைத் தொடலாமா, கரண்டியைத் தொடலாமா, பூசையைத் தொடலாமா. முகத்தில் சிரிப்பே இல்லை. நீங்கள் கேலி செய்கிறீர்களா, மனசு நொந்து கேட்கிறீர்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடுமே என்ற வீம்பு. உங்கள் வீம்புக்கு என் வீம்பு குறைந்ததில்லை.

கிறிஸ்மஸ் காலையில் ஹென்னி நமக்காக வைத்துவிட்டுப் போயிருந்த பொட்டலத்தைப் பிரித்தோம். சிவப்பு ரிப்பன் போட்டு நாலு முழத்துக்குச் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு ஜோடிக் கம்பளிக் கையுறை, உங்களுக்குச் சாம்பல் நிறம், எனக்கு நீலம். அந்த அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டு அவர் கொடுத்ததையே மாட்டிக்கொள்கிறோமே என்று எனக்குக் குன்றிப்போனது. ரிப்பனை மட்டும் நீவிச் சுருட்டி அலமாரி மேல் வைத்தேன். ஊருக்குக் கொண்டுவர நினைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் காணோம்.

"பூசை இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றீர்கள்.

அந்த வாரத்தில் வேறு சில விஷயங்களும் நடந்தன. அப்போது எனக்கு அவை விஷயமாகவே படவில்லை. விடிகிற நேரத்துக்கு நான் எழுந்து வந்தால் கெட்டில் சூடாக இருக்கும், ஆனால் கழுவ டம்ளர் எதுவும் கிடக்காது. உங்கள் கையுறை ஹீட்டர் மேல் நனைந்து கிடக்கும். கேட்டால் "பனி" என்பீர்கள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நானும் அந்தப் பனி மேல்தான் பழியைப் போட்டு வாஸ்லின் தடவிவிட்டேன். கொல்லைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அந்தப் பாத்தியைப் பார்க்க எனக்குக் கூச்சம். வருடப் பிறப்பன்று, கொட்டகையில் கிடக்கும் அந்தக் கிழங்குகளை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். "கண்ணுல படாத எடத்துல வச்சாச்சு. விடு புள்ள" என்றீர்கள். வாய்க்காலில் கொட்டிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹென்னி திரும்பி வந்த அன்று நாலு பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம். அவர் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். பாத்தி முழுக்கச் சருகு மூடிக் கிடந்தது. நந்தினியிடம் ஏதோ கேட்டார். அவள் தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினாள். "தோட்டம் நல்லாத் தூங்குதான்னு கேக்குறாங்கம்மா."

"நல்லாத் தூங்குதுன்னு சொல்லு" என்றேன்.

நீங்கள் டீக்குள் சிரித்தீர்கள். என் பொய்யைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று மேஜைக்கு அடியில் உங்கள் காலை மிதித்தேன்.

கவுஞ்சிக்கு வந்த பிறகாவது விட்டுவிடுவீர்கள் என்று பார்த்தேன். விடவில்லை. உங்கள் சொந்தக் காட்டில், உங்கள் அப்பா காலத்து வரப்பில் நின்றுகொண்டு, களைக்கொத்தைத் தொடலாமா என்று கேட்டீர்கள். பீன்ஸ் விதை மூட்டையைத் தொடலாமா. குழம்புச் சட்டியைத் தொடலாமா. ஒரு தடவை நான் பொறுக்க மாட்டாமல், "என்ன வேணும் உங்களுக்கு? கால்ல விழணுமா?" என்று கேட்டுவிட்டேன். "சித்திரை வரட்டும் புள்ள. ஒரு சேதி வரும்" என்றீர்கள். சித்திரையில் டியூலிப் முளைக்காமல் போய், ஹென்னி நந்தினியைத் திட்டி அனுப்பும் சேதியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அதற்கும் கோபப்பட்டேன்.

மாசி வந்தது. என் கண்ணைக் காட்டக் கொடைக்கானல் போகக் காலை முதல் பஸ். நீங்கள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். மன்னவனூர் தாண்டியதும் காற்று குளிராக வந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு நேரே கையைக் கொண்டுபோய் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"தொடலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. சலித்துப் போய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களும் கண்ணாடியை இழுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உங்கள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். சால்வையை இழுத்து உங்கள் கழுத்தை மூடினேன். வளைவுக்கு வளைவு உங்கள் பாரம் முழுக்க என் மேல் இறங்கியது. தோள் வலித்தது, பிறகு மரத்துப்போனது. தூக்கம் கலைந்துவிடுமே என்று நான் அசையவில்லை. பூம்பாறையில் வண்டி நின்றதும் கண்டக்டர் வந்தார். "அண்ணன எழுப்புங்கக்கா, டீக்கு நிறுத்தச் சொல்லிக்கிட்டே வந்தாரு" என்றார். அவர்தான் முதலில் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தத் தோள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார். தோள் மட்டுமா? உங்களைக் கொண்டுபோன அன்றும் நான் அழவில்லை, பதினாறாம் நாளும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் நாலு பேர் பேசியிருப்பார்கள். பேசட்டும். எனக்கு உப்பு உறைப்புத் தெரியவில்லை, பூண்டு வாசம் தெரிந்தது நேற்றுத்தான். இத்தனை மாதமும் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக நீங்கள் கேட்டது கேலியா, நோவா? நோவு என்றால், நான் சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டே போயிருக்கிறீர்கள். நான் பதில்கூடச் சொல்லாமல் அனுப்பியிருக்கிறேன்.

சித்திரையில் ஒரு சேதியும் வரவில்லை. நந்தினி தையிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு அறைக்கு மாறியிருந்தாள். டியூலிப் விஷயத்தைச் சொல்லப் பயந்து ஹென்னி வீட்டுப் பக்கமே போகவில்லை. ஹென்னி செல்போன் வைத்துக்கொள்ளாதவர். போன வாரம் அவரே தடியை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து இவளைப் பிடித்திருக்கிறார். ஊருக்குப் போகும் முன் வீட்டுக்கு வா, உன் அப்பாவுடைய பொருள் என்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

சோறு சாப்பிட்டு முடித்ததும் நந்தினி ஒரு போட்டோவைக் காட்டினாள். ஹென்னியின் கொல்லை. சித்திரையில் எடுத்தது.

டியூலிப் பூத்திருந்தது. சிவப்பாக, நான் அறுத்த ஒன்றைத் தவிர அத்தனையும். ஆனால் ஹென்னி வைத்த மாதிரி கும்பல் கும்பலாக இல்லை. நூல் பிடித்த வரிசை. ஒரு வரிசை டியூலிப், ஒரு வரிசை பூண்டு, மறுபடி டியூலிப், மறுபடி பூண்டு. நம் காட்டில் நீங்கள் போடும் ஊடுபயிர்.

"மொளச்சு வந்ததும் ஹென்னிக்கு ஒண்ணும் புரியலயாம்மா. என்னோட பாத்திக்குள்ள யாரு வந்து இப்பிடி வரிசை போட்டதுன்னு தெனமும் போய் நின்னு பாத்துருக்காங்க. ஓரத்துல ரெண்டு குச்சி நட்டு, அதுல இது கட்டியிருந்துச்சாம்."

பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு ரிப்பன். மண் கறை போகத் துவைத்து, ஹென்னி அதை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

நந்தினி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். நீங்கள் வெங்காயம் என்று நினைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டதைக் கேட்டு ஹென்னி கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். போர்க்காலப் பஞ்சத்தில் வேறு ஒன்றும் கிடைக்காமல் அவர் அம்மா அந்தக் கிழங்கைத்தான் அவித்துக் கொடுத்தாராம், வாயில் வைக்க விளங்காதாம். பிறகு நீங்கள் இல்லை என்பதையும் இவள் சொன்னாள். அதற்கு அவர், "உன் அப்பா என் தோட்டத்தை எழுப்பவில்லை. படுக்கையைத்தான் மாற்றிப் போட்டார்" என்றாராம். ஆடியில் இலை பழுத்ததும் பூண்டைத் தானே பிடுங்கி, காய வைத்து, ஒன்றைக்கூடச் சமைக்காமல் பையில் கட்டி வைத்திருக்கிறார்.

அப்படியென்றால் கெட்டில் வெந்நீர் இறுகிப் போன மண்ணை இளக்கத்தான். கையுறை நனைந்தது பனியில் இல்லை. கண்ணில் படாத இடம் என்று நீங்கள் சொன்னது மண்ணுக்கு அடியில். நல்லாத் தூங்குது என்று நான் பொய் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்களே, அது பொய்யே இல்லை, அந்த மேஜையில் அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து, ரிப்பனைத் திருடி, பழியைப் பூனை மேல் போட்டு, நீங்கள் செய்தது தப்பு என்பதை வரிசை வரிசையாக மண்ணில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். வாயால் சொன்னால் குறைந்துவிடும் உங்களுக்கு.

சித்திரை வரட்டும் என்று மடியில் முடிந்து வைத்திருந்தது இதைத்தான். ஜெயித்துவிட்டவர் கேட்கிற கேள்விதான் அந்தத் தொடலாமா. என் முகம் போகிற போக்கைப் பார்த்து இரண்டு மாதம் உள்ளுக்குள் சிரித்திருக்கிறீர்கள். நொந்த மனுஷன் அப்படிச் சிரிக்க மாட்டான். நான் திட்டியது உங்களுக்கு வலிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்கள் முகம் எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் கேட்டது கேலிதான். இப்போது அது எனக்குத் தெரியும். எனக்கு உங்கள் மேல் கோபமாக வருகிறது. சேதி வருவதற்குள் போய்விட்டீர்களே என்று கோபம். மாசிக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கோபம் இது.

இன்று காலை நந்தினி, "இதுல ரசம் வைம்மா" என்றாள். "இது வெதை. திங்கிறதுக்கில்ல" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இந்த வருடம் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவளோடு வந்துவிடுகிறேன் என்று ஆடியில் போனில் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மேல்தட்டில் ஒரே ஒரு பாத்தி போகுமளவுக்குத் துப்புரவு செய்தேன். உங்கள் களைக்கொத்து மாசியில் நீங்கள் சாத்தி வைத்த இடத்திலேயே துருவேறிக் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, நான் எடுக்க விடவில்லை. இன்று எடுத்தேன். பிடியில் உங்கள் கை வைத்த இடம் தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. என் கை அதில் சரியாகப் பொருந்தவில்லை, இருந்தாலும் கொத்தினேன். இரண்டு குச்சியை நட்டு ரிப்பனை இழுத்துக் கட்டினேன். லைடன் பூண்டைப் பிரித்தேன். பல் சிறியது, தோல் ஊதா. விரலில் வாசம் ஒட்டிக்கொண்டது.

முதல் பல்லை ஊன்றக் குனிந்தபோது, மரத்துக் கிடந்த அந்த இடது தோளில் ஒரு குத்து குத்தியது. காலைக் குறுக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் ரத்தம் ஓடும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அந்த வலி. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கொல்லை வாசலில் நந்தினி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்ததும், பஸ்ஸில் நான் சொல்லாமல் விட்ட பதிலைச் சத்தமாகவே சொன்னேன்.

"தொடுங்க. கேக்க வேணாம்."